அழிக்காமல் வைத்த மெசேஜ்

"போனை ரீசெட் பண்ணிட்டு சிம்மை உடைச்சுப் போட்டுடலாம் மேடம். கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, கோர்ட்டு கேஸெல்லாம் எதுக்கு?" என்றார், வழக்கறிஞரான என்னிடம் உதவி கேட்டு வந்த பெண்ணின் அப்பா. 2019இல் நடந்தது. எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிப் போனை வாங்கிப் பார்த்தேன்.

இன்ஸ்டாகிராமில் அவள் பெயரிலும் படத்திலும் ஒரு போலிக் கணக்கு. அதில் அவளுடைய செல் நம்பர். அதைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில் யார் யாரோ கூப்பிட்டார்கள். அவள் அம்மா, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், நம்பர் மூன்றையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய தெம்பு வந்தது.

கணக்கை நீக்கச் சொல்லிப் புகார் கொடுக்கத்தான் எல்லோரும் துடித்தார்கள். முதலில் அந்தக் கணக்கின் லிங்கைக் காப்பி எடுக்க வைத்தேன். பெயரையும் படத்தையும் அதை நடத்துபவன் நொடியில் மாற்றிவிடலாம். கணக்கே போய்விட்டால் நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. போலீஸார் அந்த லிங்கை வைத்து ஐ.பி. விவரம் கேட்டு வாங்கினார்கள். அது அவளோடு முன்பு வேலை பார்த்த ஒருவனின் இணைப்பில் போய் நின்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி (அடையாளத் திருட்டு), இந்திய தண்டனைச் சட்டம் 354டி (பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல்) இரண்டிலும் வழக்குப் பதிவானது.

அரசு வழக்கறிஞருக்கு உதவியாக நான் உட்கார்ந்திருந்தேன். குறுக்கு விசாரணை கடுமையாகவே இருந்தது.

"இவரோடு சாட் செய்திருக்கிறீர்களா?"

"செஞ்சிருக்கேன்."

"பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினீர்களா?"

"அனுப்பினேன்."

அவள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதும் இல்லை. ஒரு காலத்தில் பேசிப் பழகியது குற்றவாளிக்கு உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டானா என்பதுதான் 354டியின் கேள்வி. மறுவிசாரணையில் அவளுடைய ஒரு வாட்ஸ்அப் செய்தி படிக்கப்பட்டது: "எனக்கு விருப்பம் இல்லை. இனிமேல் மெசேஜோ போனோ செய்யாதீர்கள்." அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவன் அனுப்பியவை மட்டுமே இருந்தன. கெஞ்சல், மிரட்டல், மறுபடி கெஞ்சல். எதற்கும் அவள் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. வாதத்தில் நான் சொல்லக்கூடிய எதையும்விட அந்த மௌனம் பலமாக இருந்தது.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2020 ஜூலையில், மின்னணுச் சான்றுகள் பற்றி அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மூலக் கருவியையே ஒப்படைத்து உரிமையாளர் சாட்சி சொன்னால் போதும். வெறும் அச்சுப் பிரதி என்றால் அப்போதைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்றது அது. எங்களிடம் அந்தப் போனே இருந்தது. அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

2024 ஜூலை 1 முதல் 354டியின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு இருக்கிறது. முதல்முறைக் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை. போலிக் கணக்கு பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் சமூக ஊடக நிறுவனம் குறுகிய கெடுவுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது 2021 விதி. லிங்கை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் புகாரைக் கொடுங்கள்.