பாஸ்கா இரவில் பனிமய மாதா கோயில்

பெரிய சனி இரவு. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் விளக்குகளை மொத்தமாக அணைத்துவிட்டார்கள். முற்றத்தில் மூட்டிய புது நெருப்பில் பற்றவைத்த பாஸ்கா திரியோடு சாமியார் முன்னே வர, அதிலிருந்து எங்கள் கைத்திரிகளுக்குத் தீ தாவியது. திரியில் ஆண்டின் நான்கு எண்கள், சிலுவையில் ஐந்து சாம்பிராணி மணிகள். உருகும் மெழுகு விரலில் படாமலிருக்க, பக்கத்தில் நின்ற அம்மா என் திரியில் ஒரு காகித வட்டத்தைச் செருகிக் கொடுத்தார்.

ஒளி நல்லது, இருள் பாவம் என்று சிறுவயதில் ஞான உபதேச வகுப்பில் படித்ததோடு பலரும் நின்றுவிடுகிறோம். யோவான் நற்செய்தியில் யூதாசு பந்தியை விட்டு வெளியேறுவது இரவில்தான். அந்தப் பாடத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் இந்த இரவின் வாசகங்களைக் காதுகொடுத்துக் கேட்டால் விஷயம் இன்னும் ஆழமானது. செங்கடல் வாசகத்தை இன்று எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. அதில் எகிப்தியருக்கும் இஸ்ரயேலருக்கும் நடுவே நிற்பது ஒரே மேகத் தூண். அவர்களுக்கு இருட்டு, இவர்களுக்கு வெளிச்சம். இரவெல்லாம் காற்று கடலை ஒதுக்குகிறது, விடியும்போது தண்ணீர் திரும்புகிறது. சீனாய் மலையில் கடவுள் இருந்த இடத்தை மோசே நெருங்கியதும் காரிருளுக்குள் நுழைந்துதான். எசாயாவோ இருளில் மறைந்த செல்வங்களைக் கடவுள் தருவார் என்கிறார். பாஸ்கா புகழுரை இந்த இரவையே வாழ்த்துகிறது.

1530களில் ஞானஸ்நானம் பெற்ற இந்தக் கரைப் பரதவர்களுக்கு, இருளிலும் கடவுள் இருக்கிறார் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. முத்துக்குளிக்க நள்ளிரவில் கரைக்காற்றில் பாய் விரித்து, பொழுது விடியும் நேரத்தில் கடலடியில் சிப்பிகள் கிடக்கும் முத்துப்பாருக்குப் போய்ச் சேருவார்கள். கனமான கல்லோடு கீழே இறங்குவார்கள். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோனது. சங்கு குளிப்பு நிற்கவில்லை.

பூசை முடிந்ததும், சங்கு குளித்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்: “கீழே இருட்டா இருக்குமா ஐயா?”

“தண்ணி தெளிவா இருந்தா சங்கு ஊர்ந்த தடம் மணல்ல தெரியும் தம்பி. கலங்கிட்டா கண்ணால ஆகாது, கையாலதான் துழாவணும். பயந்து மேல வந்தா வெறுங்கைதான்.”

திருவெளிப்பாட்டின் புதிய எருசலேமில் இரவே கிடையாது, ஆட்டுக்குட்டிதான் விளக்கு. அந்த நகரின் பன்னிரண்டு வாயில்களில் ஒவ்வொன்றும் ஒரே முத்தால் ஆனது. அந்தப் பகுதியை இந்தக் கோயிலில் விளக்குகிறவர்கள் முத்துப்பாரையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சிப்பிக்குள் இருட்டில் முத்து விளைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.