சம்பளச் சீட்டில் தமிழ்

டென்மார்க்கில் சம்பளச் சீட்டு வந்தால் பலரும் கடைசித் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நகராட்சிகளுக்கான சம்பளக் கணக்கு மென்பொருளில் பல ஆண்டுகளாக வேலை செய்வதால் என் கண் நடுவில் உள்ள பிடித்தங்களில்தான் நிற்கும். ஒருவர் இந்த நாட்டில் எதில் எல்லாம் சேர்ந்திருக்கிறார் என்பதை அந்தப் பகுதி சொல்லிவிடும்.

பள்ளி ஆசிரியர் ஒருவரின் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியத்துக்கான அவருடைய பங்கும், 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த ஏடிபி என்னும் துணை ஓய்வூதியப் பிடித்தமும் போனபிறகு 40,000 குரோனர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தொழிற்சந்தைப் பங்களிப்பு, 8 விழுக்காடு: 3,200 குரோனர். மீதி 36,800. அதில் வரியில்லாத தொகை மாதம் 5,000 என்றும், வரி விழுக்காடு 37 என்றும் அவருடைய வரி அட்டை சொன்னால், 31,800-க்கு 11,766 போகும். கைக்கு வருவது 25,034. அந்த 37-இல் ஏறக்குறைய 25 அவர் வாழும் நகராட்சிக்கு, 12 அரசுக்கு. தேசியத் திருச்சபையில் உறுப்பினராக இருப்பவருக்கு மட்டும் திருச்சபை வரி தனி. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை.

இப்படிச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் முறை இங்கே 1970-இல்தான் வந்தது. அதற்கு முன் போன ஆண்டு வருமானத்துக்கான வரியை இந்த ஆண்டுக் கையிருப்பிலிருந்து கட்டினார்கள். நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் பத்து இலக்க சிபிஆர் எண் 1968-இல் வந்தது. ஒவ்வொருவரையும் ஓர் எண்ணால் அடையாளம் காண முடிந்ததால்தான் மாதாமாதம் பிடிப்பது சாத்தியமாயிற்று.

சென்னையிலிருந்து இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குக் கற்பிக்க வரும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அந்த இருபத்தேழு பர்சென்ட் எனக்குக் கிடைக்குமா?" ஆய்வாளராக அங்கீகாரம் பெற்று வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு 84 மாதங்கள் வரை 27 விழுக்காடு வரி. முன்னதாக எடுக்கும் 8 விழுக்காட்டையும் சேர்த்தால் 32.84. வேறு கழிவுகள் எதையும் அதில் கோர முடியாது. திறமையாளர்களை வரவழைக்க நாடு கொடுக்கும் சலுகை அது. அதை வாங்கித்தருவதற்கான படிவங்களை நானே சிலருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஆசிரியர் வரி என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர், எந்தச் சலுகையும் இல்லாமல் முழு வரி கட்டிய ஒருவர். ஹேர்னிங் பக்கத்து ஈழத்தமிழர்கள் எல்லோருக்கும் அவர் 'மாஸ்ரர்'. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து யூட்லாந்தின் சிறுநகரங்களில் குடியமர்த்தப்பட்ட தலைமுறை. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர், இங்கே அரசுப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி ஆசிரியரானார். வந்தேறிகளின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் ஏற்பாடு 1970-களின் நடுவிலிருந்தே டென்மார்க்கில் இருந்தது. சம்பளம் நகராட்சி கொடுத்தது.

என் தொழிலைக் கேள்விப்பட்டு ஒருநாள் தன் பழைய சம்பளச் சீட்டுக் கோப்பைக் காட்டினார். "யாழ்ப்பாணத்தில எங்கட சீட்டில விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு வெட்டுவினம் தம்பி. வருமான வரி எண்டு ஒண்டும் இருக்கேல்லை. இஞ்ச வந்துதான் வரியைக் கண்டது" என்றார்.

அந்தக் கோப்பில் டென்மார்க்கின் வரி வரலாறே இருந்தது. 1994-இல் தொழிற்சந்தைப் பங்களிப்பு என்ற புதுப் பிடித்தம் 5 விழுக்காட்டில் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒன்றாக ஏறி 1997-இல் 8 ஆகிறது. பிள்ளைகள் ஊர் ஊராகச் சிதறி இருந்ததால் அவருக்கு இரண்டு நகராட்சிகளில் வேலை. ஒன்றுக்கு முதன்மை வரி அட்டை, மற்றதற்குத் துணை அட்டை. வரியில்லாத தொகை முதன்மை அட்டையில் மட்டும்தான். துணை அட்டையில் முதல் குரோனரிலிருந்தே வரி. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் தூரம் நாளுக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டினால், தாண்டிய தூரத்துக்குக் கழிவு உண்டு. பனிக்காலத்தில் கார் ஓட்டிய அந்தத் தூரத்தை எல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

2002-உடன் கோப்பு முடிகிறது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் வந்த அரசு சட்டத்தை மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, கிரீன்லாந்து, பரோயே தீவுகள் ஆகியவற்றிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு மட்டுமே தாய்மொழிக் கல்வி கொடுக்கும் கடமை நகராட்சிகளுக்கு மிஞ்சியது. தமிழ், துருக்கி, அரபு, சோமாலி எல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே. தமிழ்ப் பெற்றோர் கட்டிய நகராட்சி வரியில் மாற்றம் எதுவும் இல்லை. அதிலிருந்து தமிழாசிரியருக்குப் போன பங்குதான் நின்றது.

தமிழ் நிற்கவில்லை. வார இறுதிப் பள்ளிகளுக்குப் போனது. என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். ஆசிரியர்கள் தொண்டர்கள். சங்கங்களில் ஊதியமின்றி உழைப்பவருக்குப் பயணச் செலவு போன்றவற்றை வரியில்லாமல் ஈடுசெய்ய இங்கே விதி உண்டு. ஊதியம் இல்லை என்பதுதான் அதற்கு நிபந்தனை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக் கூட்டத்தில், இங்கேயே பிறந்து வளர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் தனக்குச் சம்பளம் வேண்டும் என்றார். தொகையைவிடச் சீட்டுதான் அவருக்கு முக்கியம். தமிழ் கற்பித்த ஆண்டுகள் எங்கேயாவது பதிவாக வேண்டும் என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "சேவைக்குச் சம்பளமோ?" என்றது ஒரு பக்கம். "இவ்வளவு வெட்டுக்குப் போகாமல் காசாக் கையில குடுத்திடுவம்" என்றது மறுபக்கம். அப்படிக் கொடுப்பது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்க, அவர் கேட்டது அதுவும் அல்ல.

என்னைக் கணக்குச் சொல்லச் சொன்னார்கள். மாதம் 12 மணி நேரம், மணிக்கு 150 குரோனர் என்றால் 1,800. 8 விழுக்காடு 144. அவருக்கு முழுநேர வேலை வேறிடத்தில் இருப்பதால் இங்கே துணை அட்டை. 37 விழுக்காடு வரி என்றால் 613. கைக்கு 1,043. விடுமுறைப் பணம் 12.5 விழுக்காடு தனியாகச் சேரும். மாதத்துக்கு 39 மணி நேரத்துக்குக் குறைந்த வேலை என்பதால் ஏடிபி இல்லை. சங்கம் வேலை தருபவராகப் பதிந்து மாதாமாதம் வரி அலுவலகத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். சொல்லி முடித்தபோது, இவ்வளவு தொல்லைக்கு இது தேவையா என்ற முகங்கள்தான் எதிரே இருந்தன.

அதுவரை பேசாமல் இருந்த மாஸ்ரர் அப்போதுதான் வாய் திறந்தார். "எனக்கு மாதா மாதம் ஏடிபி வருது. பெரிய காசில்லை. ஆனால் அது தமிழ் படிப்பிச்சதுக்கு வாற காசு. வெட்டினபடியால்தான் வருது."

அதன்பின் யாரும் சேவையைப் பற்றிப் பேசவில்லை. பணம் எங்கிருந்து வரும் என்று பேசினோம். பிள்ளைக்கு மாதம் 50 குரோனர் கட்டணம் கூட்டலாம் என்றது ஒரு யோசனை. நகராட்சியிடம் உதவிப்பணம் கேட்கலாம் என்றது இன்னொன்று. இரண்டையும் எழுதிக்கொண்டோம். கட்டணம் கூடியதால் இரண்டு குடும்பங்கள் விலகின. அந்த இழப்பைச் சிறிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கும் தமிழ் வேண்டும்தானே.

சலுகை வரி கேட்கும் நண்பர்களுக்கு இன்றும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். கூடவே ஒன்றைச் சொல்கிறேன். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்க்கும்போது, எந்த வேலைக்காகப் பிடிக்கிறார்கள் என்றும் பாருங்கள். அந்த ஆசிரியையின் முதல் சீட்டில் பதவி என்ற இடத்தில் என்ன போடுவது என்று சங்கச் செயலாளர் என்னைக் கேட்டார். டேனிஷில் 'தமிழாசிரியர்' என்று போடச் சொன்னேன்.