கந்தையில் பிறந்த காகிதம்

இத்தாலி நாட்டின் மார்க்கே மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஃபாப்ரியானோ நகரை அடைந்தோம். 13-ஆம் நூற்றாண்டு முதல் காகிதத்தால் பெயர் பெற்ற ஊர் இது. புனித சாமிநாதர் சபைத் துறவியரின் பழைய மடமே இன்று காகித அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அந்நாளைய மூலப்பொருள் மரமன்று. உடுத்திக் கழித்த கந்தைத் துணியே. நீராற்றலால் இயங்கிய மரச் சம்மட்டிகள் அதனைக் கூழாக இடித்தன. கம்பிவலைச் சட்டத்தைக் கூழ்த் தொட்டியில் அமிழ்த்தித் தூக்கினால் நீர் வடியும்; நார் தங்கும். அதனைக் கம்பளித் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, உலர்த்துவர். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் தோய்த்தமையால் மை ஊறிப் பரவவில்லை. கந்தையில் பிறந்த அத்தாள்கள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. மலிவான மரக்கூழ்த் தாளில் எழுதிய பதிவேடுகளோ சில பத்தாண்டுகளிலேயே பழுத்து நொறுங்குகின்றன.

இக்கைவினை நம் இல்லங்களுக்கும் ஏற்றதே. பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டுத் தாள்களைக் கிழித்து, ஓரிரவு ஊறவைத்து, அரைத்து, அகன்ற பாத்திர நீரில் கலக்குங்கள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கொசுவலையே போதும். செய்தித்தாள் வேண்டா, விரைவில் மஞ்சளாகும். மறுமுறை அரைக்கையில் நார் குட்டையாகித் தாள் வலுவிழக்கும். ஊறவைத்து இடித்த பழம் பருத்தித் துணியின் நார் சிறிது சேர்த்தால் உறுதிபெறும். எஞ்சிய கூழைச் சாக்கடையில் கொட்டாமல் வடிகட்டி எடுங்கள்.

கழித்தது என்று நாம் ஒதுக்குவதில் இன்னும் ஒரு தாளுக்கு உயிர் இருக்கிறது.