பூனையை விரட்ட வேண்டாம்

டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி தொற்றினால் கர்ப்பிணிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.
மிஞ்சிப்போனால் லேசான காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டல்.
ஆபத்தெல்லாம் வயிற்றுப் பிள்ளைக்குத்தான்.

முதல் மூன்று மாதங்களில் அது குழந்தைக்குப் பரவுவது குறைவு. பரவிவிட்டாலோ மூளை, கண் கடுமையாகப் பாதிக்கப்படலாம்; கருவே கலையலாம்.
கடைசி மாதங்களில் பரவும் வாய்ப்பு மிக அதிகம். நன்றாகப் பிறந்த பிள்ளைக்கும் பல வருடம் கழித்து விழித்திரையில் அழற்சி வரலாம்.

பழி முழுக்கப் பூனை மேல் விழுவது நியாயமே இல்லை.
தொற்றிய பூனையின் மலத்தில் கிருமி வெளியேறுவது பெரும்பாலும் சில வாரங்கள்தான். அதுவும் உடனே தொற்றாது, ஒரு நாளாவது ஆகும்.
மலத்தட்டை வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும்.

பயப்பட வேண்டியது அரைவேக்காட்டுக் கறிக்கு, கழுவாத கீரைக்கு, தோட்டமண் ஒட்டிய விரல்களுக்கு.
கறி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதும் கூடாது.

பிரான்சில் 1992 முதல், நோய் எதிர்ப்பொருள் இல்லாத கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. புதுத் தொற்று தெரிந்தால் ஸ்பைராமைசின் கொடுக்கிறார்கள்.

தாய்ப்பால் வழியே இது பரவியதற்குச் சான்று இல்லை. பிள்ளை பெற்றவர்கள் பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.