சிவப்புப் பென்சில்

சித்தப்பாவின் தையல் கடையில் இரண்டு மிஷின், ஒரு பெஞ்சு, ஒரு ரேடியோ. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களைவிடப் பேப்பர் கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். ஆமாம், கேட்கத்தான். வெண்ணாற்றங்கரையில் இருந்த எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. சித்தப்பா காசு போட்டு வாங்கும் முரசொலியும், அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது கொண்டுவரும் தினமணியும் அந்தப் பெஞ்சில் கிடக்கும். யாராவது ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். பல சாயங்காலம் அந்த வேலை எனக்கு வாய்த்தது. தலைப்பை முடிப்பதற்குள் “நிறுத்துடா” என்று ஒரு குரல் வரும். அங்கிருந்து வாதம் கிளம்பிவிடும். செய்தியின் மீதி வரிகள் அநேகமாக அடுத்த நாள்தான்.

அப்பா காமராஜர் கட்சி. சித்தப்பா தி.மு.க. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்டார்கள். ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போனதில்லை. அவர்கள் சண்டையில் அடிக்கடி வந்துபோகும் இடம் சிதம்பரம். “65-ல அண்ணாமலை யுனிவர்சிட்டிப் பையன் ராஜேந்திரனைச் சுட்டது யாரு ஆட்சியிலண்ணே?” என்பார் சித்தப்பா. இந்தி எதிர்ப்புப் போராட்டம், பக்தவத்சலம் முதலமைச்சர். அப்பா உடனே, “71-ல அதே யுனிவர்சிட்டியில பசங்களைப் போலீஸ் விட்டு அடிச்சது யாரு ஆட்சியிலடா? உதயகுமார்னு ஒரு பையன் குளத்துல பிணமாக் கிடந்தானே, மறந்துட்டியா?” என்பார். அது முதலமைச்சர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்ததை எதிர்த்த மாணவர்கள் விவகாரம். ஒரே வளாகம், ஆறு வருஷ இடைவெளி, இரண்டு கட்சி. அந்த வயதில் எனக்கு அதன் கனம் தெரியவில்லை. யார் ஜெயித்தார்கள் என்பதில்தான் கண்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது எங்கள் ஊரில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டெல்லியில் தலைவர்களைப் பிடிக்கிறார்கள், பேப்பருக்குத் தணிக்கை என்று பேசிக்கொண்டார்கள். மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி, அது நெருக்கடி நிலையைக் கண்டித்தது. வடக்கே தேடப்பட்டவர்கள் சிலர் தமிழ்நாட்டுக்கு வந்து தங்கிப் போனார்கள். சித்தப்பாவுக்கு அதில் தலைகொள்ளாத பெருமை. அப்பாதான் இடிந்துபோயிருந்தார். அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் காலமானார். காந்தி ஜெயந்தி அன்றைக்கு. அப்பா தேம்பி அழுததை நான் பார்த்தது அன்றுதான். சித்தப்பா கடையை அடைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

1976 ஜனவரி 31 ராத்திரி ரேடியோவில் சொன்னார்கள், ஆட்சி கலைக்கப்பட்டது என்று. விடிவதற்குள் மிசா சட்டத்தில் கைது ஆரம்பித்துவிட்டது. யாரைப் பிடித்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எந்தப் பேப்பரும் எழுத முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைக்கு முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது: அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்களின் பெயர்கள். சித்தப்பா அதை என்னிடம் தரவில்லை. தானே வைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்தி, உதடு மட்டும் அசையப் படித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வர முடியாதவர்கள் பெயரை எதற்குப் போட வேண்டும்? கேட்டேன். “உள்ள இருக்காங்கடா” என்றார். கைதான செய்தியைச் சொல்ல அந்தப் பத்திரிகைக்கு மிச்சமிருந்த ஒரே வழி அதுதான் என்பதை வளர்ந்த பிறகு உணர்ந்தேன். அப்படிக் கைதான தி.மு.க.வின் சிட்டிபாபு அடுத்த வருஷம் ஜனவரியில் உயிரிழந்தார். சென்னை மத்தியச் சிறையில் கைதிகள் அடிக்கப்பட்டதை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னால் அமைந்தது.

பெஞ்சு மெல்ல மெல்லக் காலியானது. டீக்கடையில் “அரசியல் பேசாதீர்கள்” என்று சாக்பீஸால் எழுதி ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டார்கள். எந்த அதிகாரியும் வந்து அப்படி எழுதச் சொல்லவில்லை. சலூனிலும் ஒரு பலகை வந்தது. வீட்டில்கூட அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு முதலில் அது நிம்மதியாக இருந்தது, நாலைந்து நாள் போனதும் “என்ன, ரெண்டு பேரும் பேச மாட்டீங்களா?” என்று அவளே கேட்டாள். சுதந்திரம் பறிபோகிறது என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்பதாக வந்து சேர்ந்தது.

சித்தப்பா ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தார். பெயர் ‘கடைமடை’. கடைசி வயலுக்குத் தண்ணீர் வராமல் பயிர் கருகும் ஒரு குடியானவன், வாய்க்கால் மதகைப் பூட்டி வைத்திருக்கும் பெரிய மனிதரைப் பற்றித் தாசில்தாரிடம் போய் முறையிடுவான். அந்த மூன்றாம் காட்சிதான் நாடகத்தின் உயிர். சித்திரைத் திருவிழாவில் போடுவதாக ஏற்பாடு. ஒத்திகை நடக்கும் களத்துமேட்டுக்கு ஒருநாள் ஏட்டையா சைக்கிளில் வந்தார். எங்கள் தெருக்காரர்தான், எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். சைக்கிளை விட்டு இறங்காமல், “தம்பி, வசனத்தை எழுதி ஸ்டேஷன்ல குடுத்துருங்க. அய்யா பாத்து ஓகே சொன்னாத்தான் மேடை” என்றார்.

என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வெள்ளைத் தாளுக்கு நடுவே கார்பன் வைத்து, மூன்று படி. அடிப்படியில் எழுத்து விழ வேண்டும் என்று பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினதில் நடுவிரல் கன்றிப்போய்விட்டது. விரல் நுனியெல்லாம் ஊதா. குடியானவன் பேசும் இடம் வரும்போது நான் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவேன். சித்தப்பா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கூடாது என்று ஸ்டேஷனில் யாரும் சொல்லவில்லை. “மேலே அனுப்பியிருக்கு” என்றார்கள். மறுபடி போனால் “இன்னும் வரல”. காப்புக் கட்டியாயிற்று, தேர் ஓடியாயிற்று, மேலே போன காகிதம் கீழே வரவில்லை. நாடகத்துக்கு ஒதுக்கியிருந்த ராத்திரி கரகாட்டம் நடந்தது. தடை உத்தரவு என்று ஒன்று கையில் கிடைத்திருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம், துண்டறிக்கை போடலாம். பதிலே வராத காகிதத்தை எதிர்த்து என்ன செய்ய? பின்னாளில் எத்தனையோ அலுவலகங்களில் இதே முறையைப் பார்த்திருக்கிறேன்.

1977 மார்ச் தேர்தலில் வடக்கே இந்திரா காந்தியே தோற்றார். தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வும் இந்திராவின் காங்கிரசும் சேர்ந்த கூட்டணிக்கு 39-இல் 34. அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. தி.மு.க. மேல் ஜனங்களுக்கு ஏற்கெனவே கோபம் இருந்தது, எம்.ஜி.ஆர். மேல் கொள்ளை ஆசை இருந்தது, வடக்கே கட்டாயக் கருத்தடை என்று நடந்த கொடுமைகள் அந்த வேகத்தில் இங்கே வந்து சேரவில்லை. இதெல்லாம் காரணம்தான். ஆனாலும் டீக்கடைச் சிலேட்டின் கீழே உட்கார்ந்து டீ குடித்தவர்களே, “அப்ப பஸ்சு நேரத்துக்கு வந்துச்சு” என்று சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஜெயிலுக்குப் போனவன் நம் வீட்டுப் பிள்ளையாக இல்லாதவரை சுதந்திரத்தை யாரும் ஓட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜூனில் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். சித்தப்பாவுக்குக் கட்சி தோற்ற வருத்தம் ஒரு பக்கம்; இனிமேல் நாடகம் போடலாம் என்ற தெம்பு இன்னொரு பக்கம். பாய்ஸ் கம்பெனியில் வேஷம் கட்டி வளர்ந்தவர் முதலமைச்சர், பிறகென்ன? 1978 சித்திரைக்கு மறுபடி ஒத்திகை. மறுபடி ஏட்டையா.

“இப்பவுமா?” என்றார் சித்தப்பா.

“எமர்ஜென்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தம்பி. இது பழைய சட்டம். ஆட்சிதானே மாறியிருக்கு?”

அன்றைக்கு ராத்திரி திண்ணையில் நடந்த பேச்சை நான் கதவுக்கு உள்பக்கம் படுத்துக்கொண்டு கேட்டேன். ரொம்ப நாள் கழித்து இருவரும் அரசியல் பேசினார்கள். சித்தப்பா வெள்ளைக்காரனைத் திட்டினார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வெள்ளைக்காரன் 1876-ல நாடகச் சட்டம் போட்டான், வாஸ்தவம். விசுவநாத தாஸ் மேடையில தேசபக்திப் பாட்டுப் பாடுவாரு, இறங்கினதும் பிடிச்சுக்கிட்டுப் போவான். அதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் நாங்க கட்சி வளர்த்தோம். ஆனா இப்ப ஏட்டு சொல்றது அந்தச் சட்டமில்லடா. இது 54-ல வந்தது. எங்க ஆட்சியில. எம்.ஆர்.ராதாவைக் கட்டிப்போடணும்னு கொண்டுவந்தாங்க” என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. 1954-இல் முதலமைச்சர் காமராஜர். அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை.

சித்தப்பாவுக்கு அது கையில் கிடைத்த ஆயுதம். வேறொரு நாளாக இருந்தால் விட்டிருக்கவே மாட்டார். “67-ல எங்காளுங்க வந்தாங்களேண்ணே” என்று மட்டும் சொன்னார். “ராதாவோட சேர்ந்து நாடகம் போட்டவங்க. ‘தூக்கு மேடை’ எழுதின கையி. ஒன்பது வருஷம் கோட்டையில இருந்தாங்க. இதை எடுத்துப் போட ஒரு நாள் ஆகியிருக்குமா?” அப்பாவிடமிருந்து பதிலில்லை. இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். நாடக மேடையில் நின்று அதிகாரத்தைக் கேள்வி கேட்டே வளர்ந்த இயக்கம், கோட்டைக்குள் போனதும் அந்தச் சட்டத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. காங்கிரசும் அப்படித்தான் செய்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது மார்பில் குத்திய முள்ளைப் பிடுங்கி எறியாமல், அடுத்தவனைக் குத்த உதவும் என்று எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு என் வீட்டுத் திண்ணையில் இரண்டு கட்சிக்காரர்களும் அதை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த வருஷம் காகிதம் திரும்பி வந்தது. என் ஊதா எழுத்தின் மேல் சிவப்புப் பென்சில் கோடுகள். முதல் காட்சியில் நாலு வரி. இரண்டாம் காட்சியில் பெரிய மனிதரின் வண்டிக்காரன் பேசும் ஒரு கேலி. மூன்றாம் காட்சிக்கு வரி வரியாகக் கோடு போடவில்லை. பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரே இழுப்பு. அந்த இழுப்பில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. குடியானவன் தாசில்தாரிடம் போகவே கூடாது. கருகிய வயலைப் பார்த்து அழலாம்.

நாடகம் நடந்தது. படுதாவுக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. முன்வரிசையில் ஏட்டையா, மடியில் இன்னொரு படி. மேடையில் பேசுவதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரை அனுப்பியிருந்தார்கள். குடியானவனாக நடித்தவர் எங்கள் ஊர்க் கொத்தனார். மூன்றாம் காட்சியின் வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம். தண்ணீர் இல்லை என்று புலம்பி முடித்ததும், பழக்கத்தில் அடுத்த காட்சிக்கான முதல் வார்த்தை அவர் வாயில் வந்துவிட்டது. சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் நோட்டில் சிவப்புக் கோட்டைப் பார்த்தபடி நின்றேன். எடுத்துக்கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஏட்டையா தலையைக் குனிந்துகொண்டார். அவர் காகிதத்தைப் புரட்டியதையும் பார்த்தேன். நீச்சல் சொல்லிக்கொடுத்த மனிதரை அந்த இடத்தில் உட்கார வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

இப்படிப்பட்ட சட்டங்களை எடுத்தெறியக் கட்சிகளால் முடியவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். மிசாவை ரத்து செய்தது ஜனதா ஆட்சி. உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்கக்கூடாது என்று 1978-இல் 44-ஆவது திருத்தம் வந்ததும் அவர்கள் காலத்தில்தான். அவர்களில் பலர் ஜெயிலில் கிடந்து வந்தவர்கள், அந்த வலி ஆறியிருக்கவில்லை. ஆனால் 1980-இல் இந்திரா காந்தி திரும்பி வந்தார், அதே வருஷம் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 2002-இல் பொடா சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்த வைகோவை, சில மாதங்களுக்குள் அதே பொடாவில் ஜெயலலிதா அரசு உள்ளே வைத்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் வேலூர்ச் சிறை. அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியபோது அது யாருக்கென்று அவர் நினைத்திருப்பார்?

1954-ஆம் வருஷச் சட்டம் 2013 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பரீக்ஷா என்ற நாடகக் குழுவை நடத்தியவர் அவர். ஸ்டேஷனில் வசனத்தைக் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடப்பது என்னவென்று தெரிந்தவர். செய்தியைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண் மங்கிவிட்டது அவருக்கு. “கோர்ட்டா எடுத்துச்சு?” என்று கேட்டார். “ஆமாம்.” “சட்டசபை இல்லையா?” “இல்லை சித்தப்பா.” கொஞ்ச நேரம் விரல்விட்டு முதலமைச்சர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

2015 அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாட்டுப் பாடியதற்காகப் பாடகர் கோவனை ராத்திரியில் வந்து திருச்சியில் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்தப்பா போன் செய்தார்.

“அந்தச் சட்டம்தான் போயிருச்சேடா, எதுல பிடிச்சாங்க?”

“தேசத்துரோகம்.”

“அது யாரு போட்டது?”

“வெள்ளைக்காரன் சித்தப்பா. 1870-ல.”