பாவா ஆதம் மலையும் ஆகாய விமானமும்

என் உம்மாவுக்குத் தொய்வு வருத்தம். உம்ராவுக்குக் கூட்டிப் போக ஆசை. விமானத்தை நினைத்தால்தான் தயக்கம். இரத்தினபுரித் தோட்டத்து மக்களுக்குப் பாவா ஆதம் மலையைத் தெரியும். உயரம் 7,359 அடி. வழமையான விமானங்களின் உள்ளே காற்று அதைவிட உயரமான, 8,000 அடி மலையில் இருப்பதுபோல் மெலிந்துவிடலாம். 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இல் இந்த அளவு 6,000 அடிதான். ஏறத்தாழ நுவரெலியா மாதிரி. அதன் உடல் உலோகமல்லாத கலவைப் பொருளால் ஆனது. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும், ஈரத்தால் துருப்பிடிக்காது. ஆகவே தொண்டையும் அதிகம் வறளாது. நாளைய விமானங்களெல்லாம் இப்படி அமைந்தால் எத்தனை உம்மாமாருக்கு நிம்மதி! அதுவரை சகோதரிகளே, நோயாளியோடு புறப்படுமுன் டாக்டரிடம் கேளுங்கள். டிக்கட் எடுக்குமுன் எந்த விமானம் என்றும் கேளுங்கள்.