அண்ணனுக்கு ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்று எதிர்வரும் மற்றொரு பாணனை நிறுத்தி, இன்ன வழியே சென்று இன்ன வள்ளலைக் காண்பாயாக என்று நெறிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படைகளே. வகுப்பறையில் இவற்றை வெறும் இலக்கியமென்றே கற்று வந்தேன். சென்ற மாதம் என் அண்ணன் ஒரு கடிதத்தை என் கையிற் கொடுத்து, "தம்பி, நீ படித்தவன், போகலாமா, வேண்டாமா, சொல்லு" என்றபோதுதான், அந்நூல்கள் வயிற்றுப்பாட்டைப் பற்றியன என்பது எனக்கு விளங்கிற்று.

அண்ணன் ஆர்மோனியமும் கீபோர்டும் வாசிப்பவர். மணவீடுகளும் ஆலயத் திருவிழாக்களுமே அவருக்கு வருவாய். ஆடியில் பனிமய மாதா திருவிழா வந்தால் உறங்க நேரமிராது. தபசு காலம் நாற்பது நாளும் மணமில்லை, கச்சேரியில்லை, கைம்மாற்றுத்தான். என் கல்லூரிச் சம்பளமும் அவர் விரல் நுனியிலிருந்தே வருகின்றது. ஆதலின் யான் நடுநிலையாளன் அல்லேன். கடிதமோ வளைகுடா நாட்டு விடுதியொன்றினின்று வந்தது. ஈராண்டு ஒப்பந்தம், இரவுதோறும் ஐந்து மணி நேரம் சினிமாப் பாட்டு, மாதச் சம்பளம் நிச்சயம்.

எங்கள் கடற்கரைக்கு இக்கேள்வி புதிதன்று. 1867-இல் காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் உப்புப் பண்டகசாலையிற் கணக்கெழுதியவர். அதனை விடுத்தே நாடகத்துறை புகுந்தார். அவர் பேனா உப்புக் கணக்கிலேயே நின்றிருப்பின் தமிழ் மேடை என்னவாகியிருக்கும்! ஆபிரகாம் பண்டிதர் கண்டது வேறு வழி. தஞ்சையில் மருத்துவத்தால் பொருளீட்டி, அப்பொருளால் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். இசை அவருக்குச் சோறிடவில்லை. அவரே இசைக்குச் சோறிட்டார்.

கடல் கடந்தோரும் பலர். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, கொழும்பு செல்லும் இரயிற் பிரயாணிகள் எங்கள் துறையிலேதான் கப்பலேறினர். நாடகக் குழுவினர் இலங்கை சென்று பொருளும் புகழும் கொணர்ந்தனர், கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்ததும் அங்கேயே. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் இங்குள்ள நாதசுர வித்துவான்களை அழைத்தன. அங்கிருந்து தவில் மேதை தட்சிணாமூர்த்தி இங்கு வந்து வாசித்தார். ஆயினும் இவர்களெல்லாரும் தம் வித்தையைக் கேட்கவென்றே கூடியிருந்தோர் முன் வாசித்தவர்கள். விடுதியிலோ, உண்பவர் உரையாடலுக்கு இடையூறின்றி வாசிக்க வேண்டுமாம். கடிதத்தில் அவ்வாறே கண்டிருந்தது. அவ்வரியை அண்ணன் இருமுறை படித்தார்.

யான் பண்டிதர் வழியை எடுத்துரைத்தேன். துறைமுகத்தில் ஏதேனும் வேலை பார்த்துக்கொண்டு வாசிக்கலாமே என்றேன். அண்ணன் சிரித்தார். "பண்டிதருக்கு வைத்தியம் தெரியும். எனக்கு இது ஒன்றுதானே தெரியும்?" என்றார்.

எனக்கு நாவெழவில்லை. போங்கள் என்றால் என் சம்பளத்துக்காகச் சொன்னவனாவேன். வேண்டாமென்றால் வீட்டுக் கடனை யான் அடைப்பேனோ? மேலும், ஆற்றுப்படுத்தும் பாணன் தானே அவ்வழி நடந்து மீண்டவன். யானோ கடல் தாண்டாதவன்.

கடிதம் இன்னும் ஆர்மோனியப் பெட்டிக்குள் கிடக்கின்றது. பாஸ்குத் திருநாள் கழிந்ததும் பதில் எழுத வேண்டும்.